மலர் அன்ரியின் கடைவாய்ப்பல்

மார்ச் 8, ஞாயிறு

ட்வெய்ட்டாவில் ஒரு மண்டபத்தில், தெரிந்தவர்களின் பிள்ளைக்குப் பிறந்தநாள் விழா. கேக் வெட்டி முடிந்ததும், அம்மாவின் சிநேகிதி மலர் அன்ரி என்னை யன்னலோரம் இழுத்துப் போய் வாயை அகலத் திறந்தார்.

"பிள்ளை, இந்தக் கடைவாய்ப்பல்லை ஒருக்காப் பார். ராவிலை ஒரே நோ."

நான் பல் மருத்துவம் படிக்கத் தொடங்கவேயில்லை. போலந்துக் கல்லூரியின் நுழைவுத் தேர்வே அடுத்த மாதம்தான். அம்மாதான் அதற்குள் ஊரெல்லாம் சொல்லி முடித்துவிட்டார். றோல்ஸ் தட்டோடு நின்று என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். கைபேசி வெளிச்சத்தை அடித்து அன்ரியின் வாய்க்குள் பார்த்தேன். வேறென்ன செய்ய?

"தன்லேகெயிட்டை, பல் டொக்டரிட்டைப் போங்கோ அன்ரி."

"அதுக்குத்தானே நீ இருக்கிறாய்."

வீட்டுக்கு வந்து கணிதப் பகுதிக்கான பயிற்சித் தேர்வை எழுதினேன். விகிதக் கணக்குகளில் பாதியைத் தொடுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. இந்த முறையும் தேறவில்லை. இது எனக்கு வராது என்று அம்மாவிடம் சொல்லிவிட நினைத்தேன்.

அப்போது அவரே கதவைத் தட்டினார். கையில் போன்.

"மலர் லைனிலை நிக்கிறா. நீ பாத்தாப் பிறகு நோ குறைஞ்சிட்டுதாம். நாளைக்கு மனுசனையும் கூட்டிக்கொண்டு வரட்டோ எண்டு கேக்கிறா."

ஓம் என்று சொல்லிவிட்டேன்.