உன்னிடம் சொல்லக் கூடாதாம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே? போனில் பேசலாம்தான். ஆனால் உன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள், நான் வாயைத் திறந்தாலே முறைக்கிறாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஆஸ்பத்திரியில் புதுச் சட்டம் வந்திருக்கிறது. டாக்டர் எதுவானாலும் நோயாளியிடம்தான் முதலில் சொல்ல வேண்டுமாம். கூட வந்தவர் உள்ளே இருக்கலாமா என்பதும் நோயாளியின் இஷ்டமாம். அம்மாவுக்கு நோயின் பெயர் தெரியவே கூடாது, வயிற்றுப் புண் என்றே சொல்லுங்கள் என்று நீயும் நானும் டாக்டரிடம் கெஞ்சி வைத்திருந்தோமே, அதெல்லாம் போச்சு. டாக்டர் அறையில் உன் அம்மா என்னைப் பார்த்து, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க என்றாள். அவளுக்குத் தலைவலி என்றால்கூட டாக்டரிடம் நான்தான் சொல்வேன், உனக்கே தெரியும். வராந்தாவில் உட்கார்ந்து, சட்டம் போட்ட புண்ணியவான்களை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். ஒரு நர்ஸ் வந்து தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனாள்.

வெளியே வந்தவள் அழவில்லை. எல்லாரும் எதுக்கு என்கிட்ட அப்படி இளிச்சு இளிச்சுப் பேசினீங்கன்னு இப்பதான் புரியுது என்றாள்.

பஸ்ஸில் மீதியைச் சொன்னாள். அன்று டாக்டர் புதிதாகச் சொன்ன விஷயத்தை யார் யாருக்குச் சொல்லலாம் என்றும் கேட்டார்களாம். என்னைச் சொன்னாளாம். உன்னைச் சொல்லவில்லை. அவ இப்பதான் புது வேலையில சேர்ந்திருக்கா, அவளைக் கலைச்சு விட்டுடாதீங்க என்று கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். நானும் பைத்தியக்காரன் மாதிரி செய்து கொடுத்துவிட்டேன்.

இப்போதெல்லாம் நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. அது அவள் முடிவு. என்னை யாரும் கேட்கவில்லை. உன் அறையில்தான் படுத்துக்கொள்கிறாள். ஏன் என்று கேட்டால் காற்று வருதாம். அந்த ஜன்னல் துருப்பிடித்துத் திறக்கவே முடியாது என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? நேற்று ஒரு தோசையில் பாதி சாப்பிட்டாள்.

டாக்டர் சொன்னதை நான் எழுதமாட்டேன். நீயும் கேட்காதே, கேட்டால் என்னால் தாங்க முடியாது. லீவு மட்டும் கேள், கண்ணு. காரணம் கேட்டால், அம்மாவைப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்று சொல். வந்ததும் அவளிடம் எதுவும் விசாரிக்காமல் பக்கத்தில் படுத்துக்கொள். அடுத்த மாதம் வருகிறேன் என்று மட்டும் பதில் போட்டுவிடாதே.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் வரவையே பார்த்திருக்கும்,
அப்பா