தோளில் சாயாத டப்பா

இன்று காலை புது மூடிகள் வந்து ஷெட்டில் இறங்கின. ஒன்றை எடுத்து நம் எவர்சில்வர் டப்பாவின் மேல் வைத்து அழுத்தினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. திறந்து மூக்கை உள்ளே விட்டேன். புது ரப்பர் வளையத்தின் வாசனை. எந்தச் சாமான் வந்தாலும் நீ முதலில் முகர்ந்துதானே பார்ப்பாய், மச்சான்? உனக்காக நானே முகர்ந்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. அதைச் சொல்லத் திரும்பினால் உன் நாற்காலியில் பழைய கோணிப்பை கிடக்கிறது.

பிள்ளைப்பாக்கத்தில் நாம் இருவரும் பங்காக இந்த ஷெட்டைப் போட்டுக் கார் கம்பெனிகளுக்குத் தகடு அடித்துக்கொண்டிருந்த வரைக்கும், டிசைன் என்றால் எனக்குப் புடவை பார்டர்தான். பத்தாவதோடு நின்ற மூளை, அதற்கு மேல் எட்டாது. என் மகள் நந்தினி அதையே படித்து, சென்னையில் ஒரு டிசைன் ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தபோது, கேட்டவர்களிடமெல்லாம் "படம் வரையற ஆபீஸ்" என்றுதான் சொல்லிவைத்தேன். சொந்தமாக ஒரு சாப்பாட்டு டப்பா போடலாம், ஷிஃப்டுக்குப் போகிற பிள்ளைகள் கம்பெனி பஸ்ஸில் சாம்பார் சிந்தாமல் கொண்டுபோக ஒன்று வேண்டும் என்று ஆரம்பித்தது நீ. "வெளிய எதுக்குடா தேடுற? நம்ம பாப்பாவ கூப்புடு" என்றாய்.

அவள் தன் ஆட்களோடு வந்தாள். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, எப்போது பென்சிலை எடுப்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எடுக்கவே இல்லை. ஒரகடம் போகிற கம்பெனி பஸ்ஸில் ஏறினார்கள். படப்பையில் வாடகை அறைகளில் இருக்கும் தென்மாவட்டத்துப் பிள்ளைகள் டப்பாவை எப்படிக் கட்டுகிறார்கள், எப்படித் திறக்கிறார்கள், எங்கே கழுவுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு திரிந்தார்கள். "இன்னாடா இது, டப்பா செய்யச் சொன்னா ஊரச் சுத்திக்கினு கீறாங்க?" என்று என் காதைக் கடித்தாய்.

பிறகு ஒருநாள் நம் இருவரையும் உட்காரவைத்து நந்தினி கேட்டாள்: "மாமா, இந்த டப்பா ஒரு ஆளா இருந்தா, எப்படிப்பட்ட ஆளா இருக்கும்?"

"நல்ல குடும்பத்துப் பையனா இருக்கணும்மா" என்றேன் நான்.

"யோவ், பொண்ணுக்கு வரனா பாக்குறாங்க?" என்று என்னை அடக்கிவிட்டு நீ சொன்னாய்: "பஸ்ஸுல பக்கத்துல ஒக்காந்தா, தூங்கி நம்ம தோள்ல சாயாத ஆளு."

எல்லோரும் சிரித்தோம். நந்தினியின் ஆட்கள் மட்டும் சிரித்து முடித்ததும் அதை மஞ்சள் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். டப்பாவின் நிறம், எழுத்து, பேர் எல்லாம் இனிமேல் அந்தக் காகிதத்துக்குத்தான் பதில் சொல்ல வேண்டுமாம். தோளில் சாயாத ஆள் என்ன நிறத்தில் சட்டை போடுவான் என்று ஒரு மதியம் முழுக்கப் பேசினார்கள். நடுவில் நீ உன் சட்டையை நீவிவிட்டுக்கொண்டாய்.

அதற்குள் உன் வலது கையிலிருந்து ஸ்பானர் நழுவ ஆரம்பித்திருந்தது. நரம்பு தளர்கிற நோய், கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், போனது திரும்பாது என்று டாக்டர் சொன்னார். கேட்டுவிட்டு வெளியே வந்து நீ கரும்பு ஜூஸ் குடித்தாய். நான் தொடாத டம்ளரையும் நீயே குடித்தாய். மறுநாள் நந்தினியிடம் கையை நீட்டினாய். "இந்தக் கைக்கு தொறக்குதான்னு பாரு பாப்பா. எனக்கு தொறந்தா ஊருக்கே தொறக்கும். என் சோத்த நானே தொறந்து துன்னணும், அவ்ளோதான் கேக்குறேன்."

அவர்கள் தொழிலில் ஒரு சட்டம் இருக்கிறது. ஒருவர் பொருளைப் பிடித்துப் பார்க்கும்போது மற்றவர் உதவக் கூடாது, சொல்லித்தரக் கூடாது. உதவிவிட்டால் பொருளின் குறை தெரியாமலே போய்விடும். "அப்பா, கை வைக்காத, வாயும் தொறக்காத" என்று நந்தினி முன்கூட்டியே என்னை மிரட்டிவைத்தாள். நீ பழைய கிளிப் மூடியோடு மல்லுக்கட்டினாய். விரல் வழுக்கியது. முழங்கால் நடுவில் இடுக்கினாய், பல்லால் கடித்துப் பார்த்தாய். நான் என் இரண்டு கைகளின் மேலும் உட்கார்ந்திருந்தேன்.

"மச்சான், அந்தப் பக்கமா..." என்று வாய் தவறிவிட்டது.

"அவன வெளிய போவச் சொல்லு பாப்பா. அவன் மூஞ்சப் பாத்தா எனக்கே அவன் மேல பாவமா கீது."

வெளியே போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அன்று அந்த மூடி உனக்குத் திறக்கவில்லை.

அட்டையில், தெர்மாகோலில், மெஷினில் வார்த்த வெள்ளை பிளாஸ்டிக்கில் என்று மூடி மூடியாகச் செய்துகொண்டு வந்தார்கள். கொஞ்சம் அகலமாக, கொஞ்சம் இளக்கமாக. ஆனால் மூடி ஒரு அடி முன்னால் வந்தால் உன் கை இரண்டு அடி பின்னால் போயிருக்கும். போன முறை திறந்த மூடி இந்த முறை திறக்காது. நந்தினி வாயைத் திறக்காமல் எழுதிக்கொள்வாள். கார் கதவைச் சாத்திய பிறகுதான் அழுவாள். வல்லக்கோட்டை முருகனிடம் போய் நின்றேன். மூடிக்காக வேண்டுவதா, கைக்காக வேண்டுவதா என்று தெரியாமல் திருநீறு மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

பிறகு அந்த மூடி வந்தது. விரலே வேண்டாம். ஓரத்தில் நாக்கு மாதிரி நீண்டிருப்பதை மணிக்கட்டால் அழுத்தினால் போதும். நீ அழுத்தினாய். டக். திறந்துகொண்டது. நீ உள்ளே எட்டிப் பார்த்தாய். ஒழுகுகிறதா என்று பார்க்க அவர்கள் ஊற்றிவைத்த நீலத் தண்ணீர்.

"தண்ணியா? இதுக்கா இம்மாம் பாடு?"

அடுத்த முறை எலுமிச்சை சாதம் வைத்துக்கொண்டு வருகிறேன் என்று நந்தினி சொன்னாள். வைத்துக்கொண்டும் வந்தாள். டக் என்று திறந்தாய், முகர்ந்தாய். "உங்கம்மா கைப்பக்குவம் வந்துடுச்சு உனக்கு" என்றாய். சாதம் உனக்குத் தொண்டையில் இறங்காது என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. டப்பாவை நானே காலி செய்தேன். "எனக்குத் தொறந்து, இவனுக்குச் சோறு" என்று நீ சிரித்தாய். சிரிப்பும் குழறித்தான் வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்று காரில் உன் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். வண்டலூர் தாண்டுவதற்குள் உன் தலை என் இடது தோளில் வந்து விழுந்தது. கழுத்து நிற்கவில்லை உனக்கு. முன்சீட்டிலிருந்து நந்தினி திரும்பிப் பார்த்தாள், இருக்கட்டும் என்று நான் தலையை ஆட்டினேன். சிக்னலில் வண்டி குலுங்கியபோதும் தோளை அசைக்கவில்லை. செய்ய முடிந்தது அவ்வளவுதான். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தொடை மேலேயே வைத்திருந்தேன். ஆஸ்பத்திரியிலும் உன் மூச்சு நிற்கும்வரை அப்படித்தான் இருந்தேன். அங்கே யாரும் என்னை வெளியே போகச் சொல்லவில்லை. போகச் சொல்லியிருக்கலாம்.

இன்று நந்தினி அட்டைப் பெட்டியின் மாதிரியையும் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். மேலே கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறது: "பக்கத்தில் உட்காரலாம். தோளில் சாயாது." எழுத்து சரியாக இருக்கிறதா, நிறம் சரிதானா என்று பார்த்து மதியத்துக்குள் சொல்லச் சொன்னாள். மணி மூன்றாகிவிட்டது. போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. நிறமெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது மச்சான். ஒவ்வொரு முறை படிக்கும்போதும் என் இடது தோள் தானாகக் கொஞ்சம் இறங்கிக் கொடுக்கிறது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது?