பாஸானதைச் சொல்லக் கூடாதாம்

பிப்ரவரி 26

சி.ஏ. இன்டர் ரிசல்ட் அடுத்த வாரமாம். எனக்குத் தூக்கம் இல்லை, அம்மாவுக்கு ஒரே கனவு. நானும் அம்மாவின் அண்ணன் குருமூர்த்தி மாமாவின் மகன் கௌசிக்கும் ஒன்றாகப் பாஸாகி, நாமக்கல்லில் மாமாவின் ஆடிட் ஆபீஸிலேயே இரண்டு வருட ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சியில் சேர வேண்டுமாம். அதை முடித்தால்தான் ஃபைனல் எழுத முடியும்.

ஊரே இன்ஜினியரிங் போனபோது சண்டை போட்டு இதில் சேர்ந்தவள் நான். கௌசிக்குக்குக் கேமராதான் உயிர். மாமா திணித்தார், வந்தான்.

மார்ச் 4

பாஸ்! இரண்டு குரூப்பும்!! கௌசிக் இரண்டாவது குரூப்பில் ஃபெயிலாகிவிட்டான்.

அரைக் கிலோ மைசூர்பா வாங்கி வந்தேன். அம்மா அதைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினாள். "அண்ணன் பாத்தா என்ன நெனைக்கும்? கௌசிக் பாஸாகற வரைக்கும் யாருகிட்டயும் சொல்லிப்போடாத சாமி."

மைசூர்பாவைப் பட்டுச்சேலைக்கு நடுவில் பூட்டி வைக்கிற வீடு இது ஒன்றாகத்தான் இருக்கும்.

மார்ச் 6

எதிர்வீட்டு ராமாயி அக்கா, "பாஸாயிட்டியா சாமி?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "அது ஒண்ணும் சரியா வல்லைங்க" என்றாள். என் முன்னாலேயே!

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உடு சாமி, அடுத்த தடவ எழுதிக்கலாம். இதுக்குப் போயி அழுவாங்களா?" என்று தேற்றினார். நான் அழுதது ஆத்திரத்தில். பாஸானவளுக்கு ஆறுதல் — எந்த ஊர் நியாயம் இது?

மார்ச் 9

மாமா வந்தார். ஒரு வார்த்தை பாராட்டவில்லை. "இப்ப என்ன அவசரம்? அவனும் பாஸாகட்டும், ரெண்டு பேரும் ஒண்ணாச் சேந்துக்கலாம். நீ முன்னாடி போயி உக்காந்தா அவன் மனசு ஒடஞ்சு போயிருமல்லோ."

"அவன் அப்பவும் பாஸாகலைன்னா என்னங்க மாமா?" என்றேன். அம்மா தொடையில் கிள்ளினாள். இன்னும் சிவந்திருக்கிறது.

அப்பா போர்வெல் போடும் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில். போனில் கத்தினேன். "மாமன் சொன்னாக் கேட்டுக்க கண்ணு. அவிகள உட்டா நமக்கு யாரு?" என்றார். நான் யாராம் இவர்களுக்கு?

மார்ச் 10

கௌசிக் மெசேஜ். "நான் யாரையும் மறைக்கச் சொல்லல தமிழினி. எல்லாரும் எழவு ஊட்டுக்கு வந்த மாதிரி எங்கிட்டப் பேசறாங்க."

பாவம்தான். ஆனாலும் எரிச்சலாக வருகிறது. அதை அவன் அப்பாவிடம் சொன்னால் என்ன?

மார்ச் 15

மைசூர்பா நெய் அம்மாவின் பட்டுச்சேலையில் இறங்கிவிட்டது. நன்றாக வேண்டும்.

மார்ச் 19

சேலத்தில் எங்களுக்கு ஆடிட் பாடம் எடுத்த செல்வமேரி மேடத்தின் ஆபீஸுக்குப் போனேன். "சொந்தத்துலயே ஆடிட்டர் இருக்காரு, இங்க ஏம்மா?" என்று கேட்டார். எல்லாவற்றையும் கொட்டினேன். மேடம் சிரிக்கவில்லை. "திங்கக்கிழமை வந்து சேந்துக்க. எடப்பாடி பக்கமெல்லாம் அலையணும், வெயில்னு சொல்லக் கூடாது."

வீட்டில் சொன்னேன். அம்மா சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்துவிட்டாள். "அண்ணன் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

என் மூஞ்சியில் எப்படி முழிக்கிறாய் அம்மா? கேட்டேவிட்டேன்.

மார்ச் 24

திருச்செங்கோட்டிலிருந்து காலை பஸ். அம்மா டிபன் கட்டித் தரவில்லை. மேடம் ஆபீஸில் சேர்ந்துவிட்டேன்.

மே 2

மாமா இன்னும் பேசுவதில்லை. பேச வேண்டாம், போ.

ஜூலை 7

எடப்பாடியில் ஒரு விசைத்தறிக் கூடம். ஸ்டாக் சரிபார்க்க நூல் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அம்மாவிடமிருந்து போன். வெளியே வந்து எடுத்தேன்.

"கௌசிக் பாஸாயிட்டான் சாமி! அண்ணன் தெருவுக்கே ஸ்வீட்டு குடுக்குது. இனி நீயுஞ் சொல்லிக்கலாம்."

"எதைம்மா?"

வீம்புக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே எனக்குப் பிடிபடவில்லை.

அம்மா, "சாயங்காலம் எப்ப வாரே?" என்றாள்.

உள்ளே போனேன். எதுவரை எண்ணினேன் என்பது மறந்துவிட்டிருந்தது. முதலிலிருந்து எண்ணினேன்.