மேனேஜர் ஏலம்

மச்சான்,

சதுரங்கப்பட்டினம் முக்கில் உன்னைக் கட்டிவைத்திருக்கிறார்கள். இரண்டு சவுக்குக் கழிகளுக்கு நடுவே, ஆள் உயரத்துக்கும் மேலே. பொத்தேரியில் வேலை முடிந்து பைக்கில் வந்துகொண்டிருந்தேன். புது ஃப்ளெக்ஸின் நெடி மூக்கில் ஏறியதும் நிமிர்ந்து பார்த்தால், நீ. கோட்டு போட்டிருக்கிறாய். உன் கல்யாணத்துக்குக்கூட நீ கோட்டு போட்டதில்லை. எவனுடைய உடம்பிலோ உன் தலையை ஒட்டியிருக்கிறார்கள். கழுத்து சேரவில்லை. உடம்பு உன்னைவிடச் சிவப்பு. 'எங்கள் மேனேஜர் நினைவுக் கோப்பை, மாபெரும் கால்பந்துப் போட்டி' என்று கொட்டை எழுத்து. உன் காலடியில் வரிசையாகக் கைகூப்பிய முகங்கள். முதல் முகம் ஏலக்கார கஜா.

வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். துப்பத் தோன்றியது. காற்று எதிரே அடித்தது, விட்டுவிட்டேன்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இனிமேல் உன்னிடம் எவனும் இதைச் சொல்லப்போவதில்லை. நீ நல்ல மேனேஜர் இல்லை. கார் இடித்துச் செத்ததால் நல்ல மேனேஜர் ஆகிவிடவும் மாட்டாய். ஆளை மாற்றவேண்டிய நேரத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்பாய். இரண்டு கோல் பின்னால் இருக்கும்போது மூன்றாவது வாங்கிவிடக் கூடாது என்று எல்லோரையும் பின்னால் இழுப்பாய். அப்போதுதான் மூன்றாவது விழும். எதிரணி கடப்பாக்கத்துப் பையன்கள் நான் தடுத்து ஆடுகிற பக்கமாகவே வருகிறார்கள் என்று தொண்டை கிழியக் கத்தினேன். நீ எதிர்ப்பக்கத்தைப் பலப்படுத்தினாய். உன்னை மாற்றவேண்டும் என்று நானே உன் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன். நீ கோபித்துக்கொள்ளவில்லை. எனக்கு மட்டும் ஒரு வாரம் உன் கடை டீயில் சர்க்கரை குறைந்தது.

ஆட்டக்காரனாக நீ வேறு ஆள். அதையும் சொல்லவேண்டும். வலது காலில் பந்து வந்தால் கரையில் வலை சிக்கெடுக்கும் கிழவன்கள்கூடக் கையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். அந்தக் கால் முட்டியில் ஜவ்வு கிழிந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போகாமல் கட்டு கட்டுகிறவரிடம் போனாய். கால் கோணலாகவே நின்றுவிட்டது. ஆடுகிற ஃபைபர் போட்டில் உன்னால் நிற்க முடியவில்லை. அப்பாவின் போட்டு தம்பிக்குப் போனது. மீன் ஏலக்கூடத்துக்கு எதிரே நீ டீக்கடை போட்டாய். குப்பத்தில் கடலுக்குப் போகாதவன் பாதி ஆம்பிளை என்பது நமக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரியும். இரண்டே மாதத்தில் உன் பெயர் போய், 'நொண்டி' வந்தது. சின்னப் பிள்ளைகள்கூடப் பால் வாங்க வந்தால் அப்படித்தான் கூப்பிட்டன.

பிறகு கிளப்புக்கு மேனேஜர் வேண்டும் என்றார்கள். ஜெர்சி துவைப்பது, வேன் பிடிப்பது, ரெஃப்ரியிடம் திட்டு வாங்குவது, யார் ஆடவேண்டும் என்று முடிவு செய்வது, எல்லாம் ஒரே ஆள். எவனும் வரவில்லை. நீ வந்தாய். மறுநாளிலிருந்து நீ மேனேஜர். "மேனேஜரே, ஒரு டீ." உன் மனைவி தேவியைக்கூட "மேனேஜர் சம்சாரம்" என்றார்கள். நாம் கடப்பாக்கத்திடம் முதல்முறை தோற்றுவிட்டு வேனில் திரும்பியபோது நீ என் காதோரம் சொன்னது ஞாபகம் இருக்கிறது: "இந்த வேல போனா பேஜாரு இல்ல மச்சான். இந்தப் பேரு போய்டும்."

 

நாம் தோற்க ஆரம்பித்ததற்குக் காரணம் உன் மூளை மட்டும் இல்லை. அது கஜாவுக்கும் தெரியும், உன் கடை பெஞ்சில் உட்கார்ந்த ஒவ்வொருவனுக்கும் தெரியும். சவுக்குத்தோப்பை ஒட்டிய நம் மைதானத்தை ஊர்க்கூட்டத்தில் ரிசார்ட்டுக்குத் தூக்கிக்கொடுத்தார்கள். ரிசார்ட்காரன் கோயிலுக்கு மண்டபம் கட்டித்தருவான் என்றார்கள். கூட்டத்தில் கையைத் தூக்கியவர்களில் பாதிப் பேர் நம் மேட்ச் ஒன்றுவிடாமல் பார்ப்பவர்கள். அடுத்த வாரம் கம்பிவேலி வந்தது. நம் பெனால்ட்டி பாக்ஸ் இருந்த இடத்தில் நீச்சல்குளம். சென்னையிலிருந்து வருகிறவர்கள் அதில் முழங்காலளவு தண்ணீரில் நின்று பீர் குடிப்பதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். இருநூறு அடியில் கடல் இருக்கிறது; அவர்களுக்குக் குளம் வேண்டும். நாம் போட்டுகளுக்கு நடுவே, கால் புதையும் மணலில் பயிற்சி செய்தோம். கெட்டித்தரையில் மேட்ச் ஆடப் போனால் பந்து நம் காலுக்கு முன்னாலேயே ஓடிப்போனது.

ஆனால் மைதானத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசினால் கையைத் தூக்கியது ஞாபகம் வரும். மேனேஜரைப் பற்றிப் பேசுவதில் அந்தத் தொல்லை இல்லை.

அதுவும் உன் கடையிலேயே பேசினார்கள். உனக்குப் பதிலாக யாரைப் போடலாம் என்று உன் பெஞ்சில் உட்கார்ந்து, உன் டீயைக் குடித்துக்கொண்டு. ஒருவன் செங்கல்பட்டில் ரிட்டயர் ஆன பி.டி. மாஸ்டரைக் கொண்டுவரலாம் என்பான். மாஸ்டருக்கு மூச்சு வாங்கும், மைதானத்துக்கு வரும்போதே பாதி ஆட்டம் முடிந்துவிடும் என்பான் இன்னொருவன். டவுன்ஷிப்பிலிருந்து ஒரு இன்ஜினியர் வருவார். ராத்திரியெல்லாம் வெளிநாட்டு மேட்ச் பார்க்கிறவர். சிந்திய டீயைத் தொட்டு பெஞ்சின் மேல் கோடுபோட்டு, நாம் மேலே ஏறி நெருக்கி ஆடவேண்டும் என்று விளக்குவார். நம் பையன்களில் நாலு பேர் விடியற்காலை கடலுக்குப் போய்விட்டு நேராக மேட்சுக்கு வருகிறார்கள், அவர்கள் எங்கே நெருக்குவது? நீ துணியால் அவருடைய வியூகத்தைத் துடைத்துவிட்டு, சர்க்கரை கம்மியா சார் என்று கேட்டாய். ரிசார்ட் ஜிம்மில் உடம்பு ஏற்றிவிடுகிற ட்ரெய்னர் ஒருவன் இருந்தான். அவனைப் போட்டால் ரிசார்ட்காரன் ஜெர்சி கொடுப்பான் என்றார் கஜா. அதைச் சொன்ன பிறகு மற்ற பெயர்கள் மெதுவாக அடங்கிப்போயின.

நீ ஒருநாளும் அவர்களை எழுந்து போகச் சொல்லவில்லை. போய்விட்டால் கடை காலி. சில நாள் நீயே பேச்சில் கலந்துகொண்டாய், அந்த மாஸ்டர் பரவாயில்லை, நல்ல மனுஷன் என்று. எனக்கு உன்மேல்தான் ஆத்திரம் வந்தது.

கடப்பாக்கத்திடம் ஐந்து கோல் வாங்கிய சாயங்காலம் கஜா ஏலம் போட்டார். நம் ஊருக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு அது புரியாது. மீன் ஏலத்தில் அவர் குரல் எப்படிப் போகுமோ, அதே குரலில், அதே ராகத்தில், எதை வேண்டுமானாலும் ஏலம் விடுவார். கட்டாத மருமகனை, ஓடாத பைக்கை, படிக்காத பையனை. ஏலத்தில் நிறுத்தப்பட்டவன் சிரித்துக்கொண்டு நிற்கவேண்டும். அதுதான் குப்பத்து மரியாதை. கோபித்துக்கொண்டால் அதற்கப்புறம் அவனை ஏலத்தில்கூட எடுக்கமாட்டார்கள்.

அன்றைக்கு நீ. கையில் டீ வடிகட்டி. கஜா எழுந்து வந்து இரண்டு விரலால் உன் தாடையைத் தூக்கினார். இமையை விரித்துக் காட்டினார். காதைப் பின்னால் மடித்து, உள்ளே செவுள் இருப்பதுபோல எட்டிப் பார்த்தார்.

"மேனேஜர் ஒண்ணு. பழைய சரக்கு. கண்ணு உள்ள பூந்துகினு கீது. செவுளு வெளுத்துப் பூடுச்சி. ஒரு காலு கோணை. எவனுக்கு வோணும்?"

பெஞ்சு குலுங்கியது. அரை டீக்குக் கேட்டான் ஒருவன். ஒரு பொறை பிஸ்கட்டுக்குக் கேட்டான் இன்னொருவன். பொறை தனக்கே வேண்டும் என்று திரும்ப வாங்கிக்கொண்டான். கேட்பார் இல்லாத மீனைக் கருவாட்டுக்காரியிடம் தள்ளுவதுதானே வழக்கம், கருவாட்டுக்குப் போடுங்கள் என்றார்கள். தேவி உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் நின்றுபோனது.

நீ சிரித்தாய். நன்றாகவே சிரித்தாய். "எவனும் கேக்கலன்னா நானே எடுத்துக்குறேன். ஒரு டீ. ஸ்ட்ராங்கா."

அதோடு முடிந்திருக்கும். எல்லோரும் கையைத் தட்டிவிட்டார்கள். உன் பேரும் பிழைத்திருக்கும், அடுத்த மேட்ச் வரையிலாவது. ஆனால் கஜாவுக்கு விட மனசு வரவில்லை. செவுள் சிவப்பா என்று பார்க்காமல் மீன் எடுக்கிறவன்தான் ஏமாளி, நாங்கள் உன்னைப் பார்க்காமல் எடுத்தோம், அதுதான் நாங்கள் செய்த தப்பு என்றார்.

நீ வடிகட்டியைக் கீழே வைத்தாய். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது, அதை எடுக்க மறந்துவிட்டாய்.

"கிரவுண்ட தூக்கிக் குடுத்தப்ப எவன் அண்ணாத்த செவுளு பாத்தான்?"

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது எல்லோருக்கும் கேட்டது. இன்ஜினியர் போனை எடுத்துக்கொண்டார். கஜா உன் தாடையைப் பிடித்திருந்த கையை லுங்கியில் துடைத்தார்.

"டீய போடு," என்றார்.

நீ போட்டாய்.

மறுநாள் சாயங்காலம் கிளப் கூட்டம் கூடி உன்னை நீக்கியது. ஐந்து கோலுக்காக என்று சொன்னார்கள். அதற்கு முன்னால் ஆறு வாங்கியபோது நீக்கவில்லை என்று நான் கேட்டேன், உட்காருடா என்றார்கள். ஜிம் ட்ரெய்னர் மேனேஜர் ஆனான். கூட்டம் முடிந்து நேராக உன் கடைக்குத்தான் வந்தார்கள். வேறு கடை இல்லையே. கஜா பெஞ்சில் உட்கார்ந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "நொண்டி, நாலு டீ."

உன் முகத்தை நான் பார்க்கவில்லை. கையைப் பார்த்தேன். நாலு கிளாஸ் எடுத்தது. நாலையும் வெந்நீரில் அலசியது. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

அதற்கப்புறம் நீ மேட்ச் பார்க்க வரவில்லை. தோற்றோம், வழக்கம்போல. மழைக்காலம் முடிந்த ஒரு விடியற்காலையில் பால்கேனை மாட்டிக்கொண்டு பைக்கில் ஈ.சி.ஆர். ரோட்டைக் கடந்தாய். மகாபலிபுரத்தில் ராத்திரி கொண்டாடிவிட்டு வந்த எவனோ இடித்தான். நிற்கவில்லை. நீ துக்கத்தில் போய் விழுந்தாய் என்று ஒருத்தி சொன்னாள். பொய். நீ பால் வாங்கிக்கொண்டு திரும்பினாய். துக்கத்தில் போகிறவன் கேனின் மூடியை அவ்வளவு இறுக்கமாகக் கட்டமாட்டான். கயிறு அறுந்து பால் ரோட்டில் ஓடியிருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது நாய்கள் நக்கிக்கொண்டிருந்தன. ஒன்றை உதைத்தேன். அது என்னைப் பார்த்துவிட்டு மறுபடி நக்கியது.

உன் சாவுக்கு ஊரே வந்தது. வந்தவர்களுக்கு டீ கிடைக்கவில்லை; டீ போடுகிறவன் பாடையில் இருந்தான். உன்மேல் கிளப் ஜெர்சியைப் போர்த்தினார்கள். ரிசார்ட்டின் பெயர் நெஞ்சில் பெரிதாக இருந்த ஜெர்சி. ஷாமியானாவுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சுற்றிப்போட்டு, ட்ரெய்னரை எடுத்துவிட்டு யாரைப் போடலாம் என்று பேச ஆரம்பித்திருந்தார்கள். பறைச்சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை போல. கொஞ்சம் சத்தமாகவே பேசினார்கள்.

இப்போது ஃப்ளெக்ஸில் உன்னை மறுபடி மேனேஜர் ஆக்கிவிட்டார்கள். செத்தவனுக்குக் கொடுத்தால் திருப்பி வாங்கவேண்டியதில்லை.

ஃப்ளெக்ஸைப் பார்த்துவிட்டு நேராகக் கடைக்குப் போனேன். தேவிதான் நடத்துகிறாள். அதே பெஞ்சு, அதே ஆட்கள். ட்ரெய்னரும் சரியில்லையாம். உள்ளூர்க்காரன்தான் வேண்டுமாம். என்னைப் பார்த்ததும் கஜா இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். "வா நைனா. ஒன்ன பத்திதான் பேசிகினு இருந்தோம். நீ மேனேஜரா வந்துடு." கோப்பையன்றைக்கே அறிவித்துவிடலாம், உன் சிநேகிதன் என்பதால் பொருத்தமாக இருக்கும் என்றார். சொல்லிக்கொண்டே தமாஷுக்கு என் தாடையை நோக்கி இரண்டு விரலை நீட்டினார்.

கோப்பையை எங்கே ஆடப்போகிறீர்கள் என்று கேட்டேன். ரிசார்ட்காரன் உள்ளே புல்தரையைக் கொடுக்கிறான், ஒருநாளைக்கு மட்டும் என்றான் ஒருவன். வேலிக்கு அந்தப் பக்கம், நம் இடத்தில்.

நான் உன் கேள்வியைக் கேட்டேன். வார்த்தை மாற்றவில்லை. "கிரவுண்ட தூக்கிக் குடுத்தப்ப எவன் அண்ணாத்த செவுளு பாத்தான்?"

அதே அமைதி. அதே ஆள் அதே மாதிரி லுங்கியில் கையைத் துடைத்தார். எவ்வளவு வருஷமானாலும் இவர்களுக்கு வேறு அமைதி தெரியாது. கஜா அடுப்புப் பக்கம் திரும்பி, டீயைப் போடச் சொன்னார்.

தேவி அடுப்பை அணைத்தாள். சட்டி நிறையப் பால் இருந்தது. ஆவி எழும்பிக்கொண்டிருந்தது, எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பால் இல்ல," என்றாள்.

ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கடை காலியாகும் என்று நீ இத்தனை நாள் பயந்தாயே, அது இப்படித்தான் இருக்கும். பெஞ்சில் வெறும் கிளாஸ்கள். காற்று. தேவி அவற்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். 

உன் ஜெர்சி என்னிடம் இல்லை. உன் போட்டோவும் இல்லை, அந்தக் கோட்டுக்காரனையும் நான் சேர்த்துக்கொள்ளப்போவதில்லை. உன் ஆட்டத் திட்டம் எதையும் நான் வைத்துக்கொள்ளவில்லை, வைத்துக்கொள்ளும்படி ஒன்றும் இருந்ததில்லை. அந்த ஒரு கேள்விதான் என்னிடம் இருக்கிறது. நாலு பேர் கூடுகிற இடத்துக்கெல்லாம் எடுத்துக்கொண்டு போகிறேன். எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் அதன் செவுள் இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது.