வெற்றுப் பக்கத்தில் என் கையெழுத்து

ஜூலை 14, திங்கள்

தண்ணீர்த் தொட்டி மோட்டார் ஓடவில்லை என்று காலையில் ஒருவர் வந்தார். வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த என்னிடமே, "தலைவர் கீறாரா?" என்று கேட்டார். தேர்தலில் நின்றது நான். ஜெயித்தது நான். பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சி என்பதால் வேறு வழியில்லாமல் நிறுத்தினார்கள், அது வேறு கதை. உள்ளேயிருந்து இவர் வந்து, "நான்தான்பா, இன்னா விஷயம் சொல்லு" என்றார். நாலு வருஷமாக என் வீட்டுக்காரர் அண்ணாதுரைதான் தலைவர். காவேரி என்கிற நான் வெறும் கையெழுத்து.

சாயங்காலம் ஊராட்சிச் செயலர் வசந்தகுமார் தீர்மானப் புத்தகத்தோடு வந்தார். வழக்கம்போல, எதுவும் எழுதாத பத்துப் பக்கங்களின் அடியில் என் கையெழுத்தும் முத்திரையும். "அப்புறமா எழுதிக்கிறேன் மேடம்." அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. போட்டுக் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 19, சனி

கம்பெனி பஸ் நிற்கிற இடத்திலிருந்து வாடகை வீடுகள் இருக்கும் தெரு வரை அரைக் கிலோமீட்டர். ஒரு விளக்குகூட இல்லை. நேற்று இரண்டாம் ஷிப்ட் முடிந்து நடந்து வந்த பெண் ஒருத்தியை பைக்கில் வந்த இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். கத்திக் கூப்பாடு போட்டுத் தப்பித்திருக்கிறாள்.

முதலில் அந்த ரோட்டுக்கு லைட் போடுங்கள் என்று இவரிடம் சொன்னேன். "நான் பாத்துக்கிறேன்" என்றார்.

ஜூலை 28, திங்கள்

பார்த்துக்கொண்டுவிட்டார்.

முனியம்மாள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கும் ஜெர்சி, தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கையில் ஒரு ஜெராக்ஸ். எங்கள் ஊராட்சியின் தீர்மானம். வெளியூரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பெண்கள் இரவு எட்டு மணிக்கு மேல் தெருவில் நடமாடக் கூடாது. மீறுகிறவர்களுக்கு யாரும் வீடு வாடகைக்கு விடக் கூடாது. கீழே முத்திரை, என் கையெழுத்து.

"ரெண்டாம் ஷிப்ட் பஸ் வாரதே பதினோரு மணிக்குக்கா. எட்டு மணிக்கு நான் எப்படி வீட்ல இருக்க முடியும்? பதினஞ்சாம் தேதிக்குள்ள காலி பண்ணச் சொல்லுதாங்க. நீங்களும் ஒரு பொம்பளதானக்கா. இத எழுத எப்படி மனசு வந்துச்சு?"

நான் எழுதவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு யார் எழுதினார்கள் என்று கேட்பாளே. வாயை மூடிக்கொண்டேன்.

அவள் போனதும் இவரைக் கேட்டேன். "பொண்ணுங்க சேஃப்டிக்குத்தாம்மே போட்டோம். மெம்பருங்க எல்லாரும் சொன்னாங்க" என்றார். எல்லாரும் என்றால் டீக்கடையில் நாலு ஆம்பளைகள். என்னைத் தவிர மூன்று பெண் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையெழுத்தும் புருஷன்மார் வழியாகத்தான் வந்திருக்கும்.

"கையப் புடிச்சி இழுத்தவனுங்கதானே தப்பு பண்ணாங்க? அவனுங்க எட்டு மணிக்கு வூட்டுக்குள்ள போவணும்னு ஏன் எழுதல?"

"ஆம்பளைங்கள எப்படி வெளிய வராதன்னு சொல்றது?" என்று சிரித்தார்.

சிரிக்கிறாரு! என் கையெழுத்துக்கு மேல இந்த எழவ எழுதி வெச்சிட்டு, என் முன்னாடியே உக்காந்துகினு சிரிக்கிறாரு—

ஜூலை 29, செவ்வாய்

தலைவர் ஆவதற்கு முன் ஏழு வருஷம் ஒரகடத்தில், கார்களுக்கு வயரிங் செய்யும் கம்பெனியில் லைனில் நின்றவள் நான். ஒவ்வொரு கனெக்டரையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் செக் ஷீட்டில் கையெழுத்துப் போடுவேன். "முன்னாடியே சைன் பண்ணி வெச்சிடும்மா, டைம் ஆவுது" என்ற சூப்பர்வைசரோடு லைனே நின்று வேடிக்கை பார்க்கச் சண்டை போட்டிருக்கிறேன்.

வயருக்குக் கொடுத்த மரியாதையை ஊருக்குக் கொடுக்கவில்லையே. அவர் மேல் எவ்வளவு ஆத்திரமோ அவ்வளவு ஆத்திரம் என் மேலும் வருகிறது. பத்துப் பக்கம்! குழம்பு கொதிக்கிறதாம்!

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வசந்தகுமாரைப் புத்தகத்தோடு வரச் சொன்னேன். "சார்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு…" என்று இழுத்தார்.

"எந்த சார்?"

புத்தகத்தைக் கொடுத்தார். இன்னும் எட்டுப் பக்கங்கள் எழுதப்படாமல், என் கையெழுத்தோடு காத்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் குறுக்கேயும் கோடு போட்டேன். நாலாவது பக்கம் கிழிந்தேவிட்டது.

ஆகஸ்ட் 14, வியாழன்

நாளை கிராம சபை. கூட்டத்தில் என்ன சொல்லப்போகிறேன் என்று இவரிடம் சொல்லிவிட்டேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "வெத்துத் தாள்ல கையெழுத்துப் போட்டேன்னு நீயே ஒத்துக்கினா கலெக்டர் வரைக்கும் போவும். பதவி போயிடும், தெரியுமா?"

யார் பதவி?

ஆனால் பயமாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடி ஏற்றியதும் மைக் பழக்கப்படி இவர் கைக்குப் போனது. நான் கையை நீட்டினேன். எல்லாரும் பார்க்கிறார்களே என்று கொடுத்தார். பின்வரிசையில் ஜெர்சியும் அவளோடு முப்பது பெண்களும் நின்றார்கள். சிலர் ஷிப்ட் யூனிஃபார்மோடு.

எட்டு மணித் தீர்மானம் எந்தக் கூட்டத்திலும் நிறைவேறவில்லை, வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டது என் தப்பு, அது செல்லாது என்று சொன்னேன். "பொம்பளைங்க ராத்திரில சுத்தினா ஊர் பேருதான் கெடும்" என்று ஒருவர் எழுந்தார். "உங்க மாடிக்கு வாடக வர்றதே அந்த ராத்திரி ஷிப்டுலதான்" என்றேன். பின்வரிசையில் சிரிப்பு. அவர் உட்கார்ந்துவிட்டார்.

பஸ் நிறுத்தத்திலிருந்து தெரு முனை வரை விளக்குகள் என்று புதுத் தீர்மானம். நானே எழுதினேன், நானே வாசித்தேன், அப்புறம்தான் கையெழுத்து.

முனியம்மாள் அருகில் வந்து, "நீ எழுதிக் குடுத்தன்னுதானே காலி பண்ணச் சொன்னேன். இருந்துட்டுப் போவட்டும் அந்தப் பொண்ணு" என்றார். நியாயம்தான். அதுவும் சுருக்கென்று தைத்தது.

ஆகஸ்ட் 16, சனி

இவர் சாப்பிட வீட்டுக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

ஐந்து கம்பங்களில் விளக்கு எரிகிறது. ஆறாவதில் இல்லை. ஏன் என்று கேட்டு மின்வாரியத்துக்கு எழுதியிருக்கிறேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

காலையில் கலெக்டர் ஆபீசிலிருந்து ஒருவர் ஒரு உறையோடு வந்தார். இவர் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னல் பக்கம் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"தலைவர் கீறாரா? நோட்டீஸ் கீது. வெத்துப் பக்கத்துல கையெழுத்துப் போட்ட விவகாரம்."

இவர் பேப்பரை மடித்தார்.

"நான் இல்லப்பா. தலைவர் உள்ள கீறாங்க. இரு, கூப்பிடறேன்."

நாலு வருஷத்தில் முதல் தடவை.

கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனேன். பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டுமாம். "இங்க ஒரு சைன் போடுங்கம்மா, நேரமாவுது" என்றார் வந்தவர். இருக்கச் சொன்னேன். உறையைப் பிரித்து, அவர் நிற்க, இவரும் நிற்க, கடைசி வரி வரை படித்தேன். பிறகு கையெழுத்துப் போட்டேன்.