பதில் வராத இடங்கள்

மழைக்காகக் கார்க் கண்ணாடிகளை ஏற்றியதும் டர்பன்டைன் வாடை வந்தது. பின் இருக்கையில் நீ தூரிகை துடைத்த பழைய துணி இன்னும் கிடக்கிறது. எடுத்துப் போட எனக்கு மனசு வரவில்லை.

காங்கேயம் தாண்டி ரோட்டின் குறுக்கே தண்ணீர் ஓடுகிறது. முன்னால் லாரிகள், பின்னால் பஸ்கள், நடுவில் நான். உங்கள் ஊரான வெள்ளகோவிலுக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் இன்று சாயங்காலம் பள்ளிக் குழந்தைகளின் ஓவியக் கண்காட்சி. நீ ஏறிப் பார்த்து, ஆகாது என்று ஒதுக்கிய அதே மாடி. மண்டபக்காரர் போனை எடுக்கவில்லை. கூட்டிப்போகிற டீச்சரின் போன் அணைந்து கிடக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. அதனால் ஒரு நோட்டீஸின் பின்பக்கத்தில் உனக்கு எழுதுகிறேன்.

பீளமேட்டில் பேக்கரிக்கு மேலே அந்த ஒற்றை அறையில் நாம் செயலியை வடிவமைத்த நாட்கள் ஞாபகம் வருகின்றன. படம் வரைகிறவர்களுக்குச் சுவர் கிடைப்பதில்லை, ஊர் முழுக்கச் சுவர்கள் சும்மா கிடக்கின்றன, இரண்டையும் போனில் சேர்த்துவைத்தால் போதும் என்று நான் கணக்குப் போட்டேன். இடம் வைத்திருப்பவருக்கு இரண்டு பொத்தான்கள் வைத்தேன். ஒன்று சம்மதம், மற்றது மறுப்பு. நீ பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாய்.

"மறுப்ப யாரு கண்ணு அமுக்குவா? நம்ம பக்கத்துல பொண்ணு புடிக்கலைன்னாக்கூட பஜ்ஜியத் தின்னுபோட்டு, 'ஊட்டுக்குப் போயிச் சொல்லியனுப்பறமுங்க'ன்னுதான எந்திரிப்பாங்க?"

எனக்குக் கோபம் வந்தது. நான் வெடுக்கென்று பேசுகிறவள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே! ஆனால் நடந்தது நீ சொன்னதுதான். அந்தப் பொத்தானை ஒருவர்கூடத் தொடவில்லை. பிடிக்காதவர்கள் பதில் போடாமல் இருந்தார்கள், அவ்வளவுதான். அதனால் நீ ஒரு விதி வைத்தாய். பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நம்மில் ஒருத்தி நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

போன இடத்தில் நீ சுவரைவிட மனிதர்களைத்தான் அதிகம் பார்த்தாய். "ஒரு காப்பி குடுத்தா மரியாதை. ரெண்டாவது காப்பிக்கு வற்புறுத்துனா இடமில்லைன்னு தெரிஞ்சுக்க" என்பாய். பெருந்துறையில் ஒரு குடோன்காரர் இரண்டு காப்பிக்கு மேல் முறுக்கும் வைத்து, கிளம்பும்போது ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் கையில் திணித்தார். காரில் ஏறியதும், "லிஸ்ட்லருந்து இத அழிச்சுரு கண்ணு" என்றாய். மறு வாரம் அந்தக் குடோனில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதாகக் கேள்விப்பட்டோம்.

அந்த வெள்ளகோவில் மாடியும் அப்படித்தான். மண்டபக்காரர் உங்களுக்குத் தூரத்துச் சொந்தம். தூண் போடாமல் பின்னாளில் இழுத்துக் கட்டிய மாடி. நீ அவரிடம் ஒரு குறையும் சொல்லவில்லை. "இடம் அருமையா இருக்குதுங்க. வயசானவங்க படியேறச் சிரமப்படுவாங்க, இன்னொருக்கா கீழ வெச்சுக்கலாமுங்க" என்று சிரித்தாய். அவரும் சிரித்தார். ரோட்டுக்கு வந்த பிறகுதான் உன் முகம் மாறியது. "மேல நடந்தா உள்ளங்கால்ல அதிருது கண்ணு. பத்துப் பேரு சேந்து நிக்கப்படாது."

மற்றவர்கள் சொல்லாமல் விட்டதையெல்லாம் படிக்கத் தெரிந்த உனக்கு, வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லையே. உடம்பு கொதிக்கிற காய்ச்சலோடு இடம் பார்க்கக் கிளம்பினாய். போகாதே என்று வண்டிச் சாவியைப் பிடுங்கினேன். "வாரேன்னு சொல்லிப்போட்டேன், அவரு காத்துட்டு இருப்பாரு" என்று பஸ் ஏறிப் போனாய். அந்த வாரம் முடிவதற்குள் நீ இல்லை. எனக்கு உன்மேல் இன்னும் கோபம் தீரவில்லை. அழுகை வரும்போதெல்லாம் கோபம்தான் முந்திக்கொண்டு வருகிறது.

உன் காரியத்துக்காக நான் உங்கள் வீட்டில் இருந்த நாட்களில், செயலியில் பணம் போட்டிருக்கும் பங்குதாரர் ஒரு மாற்றம் செய்துவிட்டார். இரண்டு நாளில் பதில் வராவிட்டால் இடம் உறுதி. திரும்பி வந்து சண்டை போட்டேன். "எல்லா ஆப்லயும் இப்படித்தான் மேடம். வேண்டாம்னா சொல்லட்டுமே, பட்டன் இருக்கில்ல?" என்றார். வெளியூர்க்காரர், அவரைச் சொல்லி என்ன பயன். இடங்கள் மளமளவென்று நிரம்பின. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு மட்டும் உன் விதி ஞாபகம் வந்துகொண்டே இருந்தது.

இன்று காலை பீளமேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய பஞ்சுக் குடோனுக்குப் போனேன். நாளைக்கு அங்கே ஒரு கண்காட்சி திறப்பதாக இருந்தது. ஓவியர்கள் படங்களை மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் தன் படத்தைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். "தொடைக்கத் தொடைக்க மறுபடியும் விழுதுங்க்கா" என்றாள். விரலில் தொட்டுப் பார்த்தேன். மஞ்சளாக, மாவு மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் அவள் தலைக்கு நேர் மேலே உத்தரம் உளுத்துக் கிடந்தது.

குடோன்காரப் பெரியவர் வாசலில் நின்றார். ஒரு காப்பி ஏற்கெனவே குடித்திருந்தேன். "ஏனுங்க, இந்த உத்தரம் தாங்குமுங்களா?" என்று கேட்டேன்.

"இன்னொரு காப்பி சாப்புடுங்க அம்மணி" என்றார்.

இரண்டாவது காப்பி. "காப்பியும் வேண்டாமுங்க, கண்காட்சியும் வேண்டாமுங்க" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டேன். ஓவியர்கள் என்னைத் திட்டித் தீர்த்தார்கள். பெரியவர் அப்படியே வாசல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்களே சொல்லிப்போட்டீங்க. புள்ளைக ஆசப்பட்டுக் கேட்டுதுக, எப்படீங்க வேண்டாம்ங்கறது? ரெண்டு நாளா கண்ண மூட முடியலீங்க."

அங்கேயே நின்று போனில் மற்ற இடங்களைப் பார்த்தேன். பதில் வராமலே உறுதியானவை வரிசையாக வந்தன. நீ கிடப்பில் போட்டிருந்த பழைய கோரிக்கைகளையும் செயலி கிளறி எடுத்து உறுதி செய்திருக்கிறது. அதில் இன்றைய தேதியில் இருந்தது வெள்ளகோவில் மாடி. ரத்து என்று போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். ரத்து போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மண்டபத்திலிருந்து போன் வந்தது. அவர் இல்லை, அவர் வீட்டம்மா.

"நிறைய தடவ கூப்புட்டிருக்கறீங்க, கவனிக்கலீங்க. எல்லாரும் வந்தாச்சு. குழந்தைகெல்லாம் மேலதான் இருக்குதுக, அப்பா அம்மா எல்லாம் ஏறிட்டிருக்கறாங்க. நீங்களும் வந்துருங்க அம்மணி."

"அவரு எங்கீங்க?"

"படிக்கட்டுக்குக் கீழயே நிக்கறாருங்க. மேல வாங்கன்னா வர மாட்டீங்கறாரு. மூஞ்சி எல்லாம் வேர்த்துக் கெடக்குது. என்னன்னு கேட்டா சொல்ல மாட்டீங்கறாரு."

"உடனே எல்லாரையும் கீழ எறக்குங்க!" என்று கத்தினேன்.

"ஐயோ, வந்தவங்கள எப்படீங்க எறங்கச் சொல்றது?"

என் மாதிரி பேசினால் நடக்காது என்று அந்த நொடியில் தெரிந்தது. நீயாக இருந்தால் எப்படிச் சொல்வாய் என்று யோசித்தேன். உன்னிடமிருந்து நான் இன்னும் சுமந்து திரிவது அந்த யோசனையைத்தான், பின் இருக்கைத் துணியை அல்ல.

"பந்தி போட்டாச்சு, குழந்தைகளுக்கு மொதல்ல, சாப்புட வாங்கன்னு கூப்புடுங்க" என்றேன்.

"அடுப்பே இப்பத்தானுங்க பத்த வெச்சிருக்குது."

"பரவாயில்லீங்க. எல போட்டு உக்கார வெச்சுருங்க. மெதுவா, ஓடாம, கொஞ்சங்கொஞ்சமா வரச் சொல்லுங்க. உங்களக் கும்புட்டுக் கேக்கறனுங்க."

"சரீங்க" என்றார் அந்த அம்மா. போனை அணைக்காமல் எங்கோ வைத்துவிட்டுப் போனார். ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்திருக்கிறேன். "எல்லாரும் சாப்புட வாங்க, மொதப் பந்தி" என்று அவர் குரல் கேட்டது. இப்போது படிக்கட்டில் சின்னக் கால்கள் இறங்குகிற சத்தம். மேலே இன்னும் பேச்சும் சிரிப்பும் கேட்கின்றன. நிறையப் பேர் இருக்கிறார்கள் போலிருக்கிறது. இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள்.