மகப்பேற்றுக்கு அழுத திரேசியர்

வெண்குன்ற நாட்டையும் அதன் கீழைக் கடற்கரையையும் தந்தைவழி உரிமையால் ஆளும் காந்தள்மாதேவி, நம் துறைநகராகிய சங்கறைப்பட்டினத்தின் காவல் பூண்ட படைத்தலைவர், மூங்கிலூர்கிழான் ஏனாதி அத்தனாருக்கு விடுக்கும் ஓலை. உம் நகரில் மழை பருவம் தவறாது பெய்க. உம் துறையில் கலங்கள் பழுதின்றிச் சேர்க. உம் மக்கள் நோயின்றி இருக்க. உம்மையும் வாழ்த்துவதே முறை. நம் ஓலைநாயகம் அந்த வரியை எழுதத் தொடங்கியபோது நாமே அவர் கையைப் பிடித்து நிறுத்தினோம்.

நாம் மகனை ஈன்ற அன்று, கடல்கடந்து வந்து நம் வாயிற்காவலர்களான திரேசியர் பன்னிருவர் வேலைக் கீழே வைத்துவிட்டு, முற்றத்தில் வட்டமாக அமர்ந்து, வாய்விட்டு அழுதனர். பசி, பிணி, பகை, பிரிவு என்று மனிதப் பிறவிக்கு வரக்கூடிய துன்பங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி அழுதனர் என்று தாதியர் நம்மிடம் கூறினர். நாம் பிள்ளைப்பேற்றுக் காய்ச்சலில் தன்னினைவின்றிக் கிடந்தோம். அன்று அரண்மனைக்கு வந்திருந்த நீர், அழுகை முடியுமுன்னே அவர்களுக்கு விலங்கிட்டு உம் துறைநகருக்குக் கொண்டுபோனீர். இளவரசுக்குத் தீங்கு நினைத்தவர்கள் என்று தீர்ப்பெழுதினீர். பதினொருவரை நம் பெயராலேயே கொன்றீர். அவர்களின் தலைவன் தருசனை மட்டும், சதிக்குப் பின்னால் இருப்பவர் யாரென்று வதைத்துக் கேட்பதற்காக உயிரோடு விட்டுவைத்தீர். இருபத்திரண்டாம் நாள் நாம் எழுந்து உட்கார்ந்தபோது நம் காதில் விழுந்த முதற்செய்தி இதுதான்.

உம் தீர்ப்போலையைப் படித்தோம். அம்மக்கள் மூலம் தெரியாத இழிகுலத்தார் என்றும், தோளிலும் கையிலும் அவர்கள் குத்தியிருக்கும் நீலக்கோலங்கள் தப்பியோடிய அடிமைகளின் அடையாளம் என்றும் அதில் எழுதியிருக்கிறீர். யவன வணிகன் தெயோன் சொன்னானாம். அதன்பின் நீர் வேறொருவரையும் கேட்கவில்லை. ஒன்பது ஆண்டுகள் நம் வாயிலில் நின்றவனிடம், ஏனப்பா அழுதாய் என்று ஒரு சொல் கேட்க உமக்கு நா எழவில்லை. எடுத்தேன் கவிழ்த்தேன் என்று வாளை எடுத்தீர்.

ஆகவே நாமே கேட்டோம். தெயோனையும், உம் சிறையிலிருந்து தருசனையும் வரவழைத்து, நம் முன் எதிரெதிரே இருத்தி ஐந்து நாள் விசாரித்தோம். யவனருக்கு வடக்கே, கருங்கடலுக்கு மேற்கே, மலையும் பேராறும் சூழ்ந்த நாடு அவர்களுடையது. அங்கே தொல்காலந்தொட்டு உழுது வாழ்ந்தோரும், வடபுலத்துப் புல்வெளிகளிலிருந்து குதிரையோட்டி வந்தோரும் கலந்து உண்டானவர்கள் தம் மக்கள் என்று தருசன் தன் முன்னோர் வாய்வழி அறிந்ததைச் சொன்னான். அவர்களுள் குடிகள் பல. எல்லாரும் ஒரு கோலின்கீழ் நின்றதே இல்லை. நின்றிருந்தால் அவர்களை வெல்ல உலகில் எவருமில்லை என்று தெயோனே ஒப்புக்கொண்டான். பாரசீகம் அவர்கள் மேல் படையெடுத்தது. பிறகு மக்கெதோனியர் ஆண்டனர். ஆண்ட அந்நியரின் படைகளிலேயே அவர்கள் கூலிக்கு வேல் பிடித்தனர்.

தெயோன் அவர்களை இகழ்ந்து பேசிக்கொண்டே போனான். உன் ஊரார் குதிரைமேல் தீவட்டி ஏந்திப் பந்தயம் ஓடி விழாக் கொண்டாடும் பெண்டிஸ் என்னும் தெய்வம் எந்த நாட்டுத் தெய்வம் என்று கேட்டோம். திரேசியருடையது என்றான். கல்லும் மரமும் கேட்டு மயங்கியதாக உன் மக்கள் கதை சொல்லும் அந்தப் பாணன் எந்த மண்ணினன் என்று கேட்டோம். அதற்கும் அதே விடைதான். குரல் மட்டும் சற்று இறங்கியிருந்தது. நீலக்கோலம் யவன நாட்டில் அடிமைக்குக் குத்துவது, திரேசிய நாட்டில் உயர்குடியினர் குத்திக்கொள்வது. அங்கே கோலமில்லாத தோள்தான் இழிந்த தோள். இதையும் அவன் அறிந்திருக்கிறான். ஏன் ஏனாதியிடம் சொல்லவில்லை என்றதற்கு, அவர் கேட்கவில்லை என்றான். தங்களுக்கென எழுத்து வழக்கமில்லாத மக்கள் அவர்கள். அண்டை வீட்டான் எழுதிவைத்ததே அவர்களின் வரலாறாகிவிட்டது. நீரும் அண்டை வீட்டானையே நம்பினீர்.

இனி அந்த அழுகை. இப்பன்னிருவரும் திரௌசர் என்னும் குடியினர். அக்குடியில் குழந்தை பிறந்தால் சுற்றத்தார் சூழ்ந்திருந்து, அது பட வேண்டியதையெல்லாம் எண்ணி அழுவார்கள். ஒருவர் இறந்தால், எல்லாத் துன்பமும் தீர்ந்ததென்று சிரித்துப் பாடிப் புதைப்பார்கள். ஊரார் பிள்ளைக்கு அழமாட்டார்கள். தம் இரத்த உறவின் பிள்ளைக்கே அழுவார்கள். ஒன்பது ஆண்டுகளில் இந்நகரில் எத்தனையோ குழந்தைகள் பிறந்தும் அவர்கள் ஒருமுறைகூட அழுததில்லை. நம் மகனுக்கு மட்டும் அழுதார்கள். நம் சொந்த உறவினர் பரிசில் வாங்க வரிசையில் நின்ற அந்த நாளில், நம் பிள்ளையைத் தம் பிள்ளையாக நினைத்தவர்கள் அந்தப் பன்னிருவர்தாம், ஏனாதியாரே.

தருசனுக்குப் பொன்னும் ஊரும் தருவதாகச் சொன்னோம். வேண்டாம் என்றான். பிறகு நாம் அரசி என்பதை விட்டு, தாயாகக் கேட்டோம். குழந்தையை அவன் முன்னே கிடத்தி, நீர் இடையில் நிறுத்திய அழுகையை முடித்துத் தருமாறு வேண்டினோம். அவன் குழந்தையின் விலகிய துணியை இழுத்துப் போர்த்தினான். பிறகு, இது இனித் தன் வீட்டுப் பிள்ளை அன்று என்று பணிவாகச் சொல்லி எழுந்துவிட்டான். நம் மகன் நல்ல உடல்நலத்தோடு இருக்கிறான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு அவமானமாக இருக்கிறது.

இவ்வோலையில் காந்தட்பூ இலச்சினையை நம் கையாலேயே பொறித்தோம். இதைக் கண்ட மூன்றாம் நாள் நீர் காவற்பொறுப்பை விட்டிறங்குக. பதினொருவரின் எலும்புகளையும் தனித்தனித் தாழிகளில் இட்டு, தெயோனின் மரக்கலத்தில் ஏற்றுக. தருசன் தலைவனாகவும் நீர் அவன் ஏவலனாகவும் புறப்பட்டு, எத்தனை திங்கள் ஆனாலும் திரௌசர் நாடு சேர்க. பதினொரு வீட்டு வாயிலிலும் தாழியை இறக்கி, மகனைக் கொன்றவன் நான் என்று உம் வாயால் சொல்லுக. அவர்கள் தம் வழக்கப்படி சிரிப்பார்கள், பாடுவார்கள், உமக்கும் மது வார்ப்பார்கள். அந்தச் சிரிப்பு ஓயும்வரை ஒவ்வொரு வாயிலிலும் நீர் நின்று கேட்க வேண்டும் என்பது நம் ஆணை.